சூடத்தைத் தொடாத கைகள்

1

இந்த நாட்டில் எனக்கு ஓட்டு உண்டு என்று சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டண்டீ என்கிற ஊருக்கு நாங்கள் வந்து மூன்று வருடங்கள் முடிந்திருந்தன. நான் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அவர் ரொட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். போன அக்டோபரில் கதவுத் துவாரம் வழியாக ஒரு படிவம் வந்து விழுந்தது. இந்த வீட்டில் குடியிருப்பவர்களின் பெயர்களையும், அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"நமக்கு வந்ததா இருக்காது தேவி. முன்னாடி குடியிருந்தவங்களுக்கு வந்திருக்கும். குப்பையில போடு" என்றார் சேகர்.

எனக்கு அரசாங்கத் தாளைக் குப்பையில் போட்டுப் பழக்கமில்லை. மறுநாள் நகரசபை அலுவலகத்துக்கு போன் போட்டேன். இந்த ஊர் ஆங்கிலம் எனக்கு இன்னும் பாதிதான் பிடிபடும். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். 'வெல்த்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. "சொத்தெல்லாம் இல்லை மேடம், வாடகை வீடுதான்" என்றேன். அவள் சிரிக்காமல், ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துத் திரும்பக் கேட்டாள். நீங்கள் காமன்வெல்த் நாட்டுக் குடிமகளா? அந்தப் பெயரை நான் விளையாட்டுப் போட்டிகளில்தான் கேட்டிருக்கிறேன். ஆமாம், இந்தியா என்றேன். அப்படியானால் இங்கே குடியிருக்கும்வரை எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம் என்றாள். இங்கிலாந்துப் பாஸ்போர்ட் வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றாள்.

சேகருக்குக் கலக்கமாகிவிட்டது. "விசா புதுப்பிக்கிற நேரத்துல இதெல்லாம் எதுக்கு? பேசாம இரு. பின்னாடி ஏதாச்சும் கேள்வி வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்று கையெழுத்துப் போட்டேன்.

சரியாகப் பத்து வருடங்களுக்கு முன்னால், ஒரு தேர்தல் தாளில் நான் போட்ட கையெழுத்தால் எங்கள் குடும்பம் ஊரை விட்டு விலக்கி வைக்கப்பட்டது. அதை இதுவரை எழுதியதில்லை. ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது கோபம் வரலாம். வரட்டும்.

2

செட்டிகுளத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம். சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுகிற ஊர். பஞ்சாயத்துத் தேர்தல் என்பதே பல வருடங்களாக நடக்காமல் இருந்து, தொண்ணூற்றாறில் திரும்ப வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று புதுச் சட்டம். எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

ஊர் கூடிப் பேசியது. தேர்தல் என்றால் சண்டை வரும், செலவாகும், ஊர் இரண்டுபடும். அதனால் பதவியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கோயில் கும்பாபிஷேகத்தை முடித்துவிடுவது என்று முடிவு. தலைக்கட்டுக்கு ஒரு ஆண் என்று கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். ரைஸ்மில் வைத்திருந்த கோவிந்தராசு தன் மனைவி சரோஜா பெயருக்கு ஏலம் எடுத்தார். எவ்வளவுக்கு என்பது இங்கே முக்கியமில்லை. அதன்பின் தட்டில் சூடம் ஏற்றி, அத்தனை ஆண்களும் அதைக் கையால் அணைத்து, எங்கள் வீட்டு ஓட்டு முழுவதும் சரோஜாவுக்கே என்று சத்தியம் செய்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. சரோஜாவும் இல்லை.

என் அக்கா பூங்கோதையை உள்ளூரிலேயே அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மாமா ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டினார். கூட்டத்தன்று அவர் லாரியில் இருந்தார். அதனால் சூடம் அணைக்காத தலைக்கட்டு அக்கா வீடு ஒன்றுதான். எங்கள் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆண் இல்லாத வீடு என்று எங்கள் அம்மாவை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் பெரம்பலூரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. இருபத்துமூன்று வயது. அக்கா வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் நிக்கப் போறேன் தேவி."

"எங்க?"

"எலெக்சன்ல. பொம்பளைக்கின்னு சட்டம் போட்டு ஒரு நாற்காலி குடுத்திருக்கான். அதையும் ஆம்பளைங்களே ஒக்காந்து ஏலம் போட்டு எடுத்துக்கிட்டாங்க. தண்ணிக்குத் தினமும் ரைஸ்மில்லு கெணத்துல போயி நிக்கிறது யாரு? அவங்களா?"

அம்மா அரிவாள்மனையில் அறுப்பதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள். "ஊர எதுத்துக்கிட்டு எங்கடி வாழுறது?" என்றாள்.

"ஊருன்னா யாரும்மா? நாம ஊரு இல்லியா?"

அம்மா மறுபடி அரிவாள்மனைப் பக்கம் குனிந்தாள்.

3

வேட்பு மனு கொடுக்க, அந்தப் பஞ்சாயத்தில் ஓட்டு உள்ள ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அக்கா நான்கு வீடு ஏறி இறங்கினாள். ஒருவரும் போடவில்லை. மாமா போடுகிறேன் என்றார். ஆனால் கல்லேற்றும் குத்தகைக்காரருக்குக் கோவிந்தராசு வேண்டியவர். கையெழுத்துப் போட்டால் மறுநாள் லாரிச் சாவியைக் கேட்பார்கள். அக்காவே அவரைத் தடுத்துவிட்டாள். அம்மா பேனாவைத் தொட மறுத்துவிட்டாள். மீதி இருந்தது நான்.

"இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. இந்தக் கையெழுத்து இவ தலையிலதான் விடியும்" என்று அம்மா அழுதாள். அம்மா சொன்னது நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். யூனியன் ஆபீஸில் பேனாவை வாங்கி நான் கையெழுத்துப் போட்டேன்.

மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள், மாலை மூன்று மணிவரை நேரம். அன்று பகல் ஒரு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, ஊரிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னார். வெளியே கோவிந்தராசுவின் தம்பியும் இன்னொருவரும் அம்பாசிடர் கார் பக்கத்தில் நின்றார்கள். தம்பி நயமாகவே பேசினார்.

"வாம்மா. ஒங்க அக்கா ஒத்துக்கிச்சு. வாபஸ் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுச்சு. அதுக்கு ஒடம்புக்கு முடியல. முன்மொழிஞ்ச ஆளு கொண்டாந்து குடுத்தாலும் செல்லும்னு ஆபீசர் சொல்லிட்டாரு. ஒரு நிமிசம் வந்துட்டுப் போயிடு. நாங்களே திரும்பக் கொண்டாந்து விட்டுடறோம்."

தாளைக் கையில் கொடுத்தார். முன்மொழிந்தவரிடம் ஒப்படைக்க அதிகாரம் தருகிறேன் என்றுகூட எழுதியிருந்தது. கீழே பூங்கோதை என்று கையெழுத்து. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா பத்தாவது வரை படித்தவள். ஆனாலும் தன் பெயரில் வருகிற 'கோ'வைக் குறிலாக எழுதும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. 'பூங்கொதை' என்றுதான் எழுதுவாள். வாத்தியார் அடித்தும் மாறவில்லை. இந்தத் தாளில் பெயர் பிழையில்லாமல் இருந்தது.

"அக்காவே வரட்டும்ங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப எங்கள நம்பலியா?"

"எனக்கு டூட்டி இருக்குங்க."

அவர் முகம் மாறியது. "நீ இன்னும் கல்யாணம் ஆவாத பொண்ணு. பாத்து நடந்துக்க" என்றார். நான் உள்ளே போய் வார்டுக் கதவைச் சாத்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கிழவருக்கு மூன்று முறை ரத்த அழுத்தம் பார்த்துவிட்டேன். "என்னம்மா, எனக்கு அவ்வளவு மோசமா?" என்று கேட்டுவிட்டார். மூன்று மணி அடித்த பிறகுதான் வார்டுக் கதவைத் திறந்தேன்.

அதே நேரத்தில் ஊரில் அக்காவிடம் வேறு ஆட்கள் போய், "ஒன் தங்கச்சி வாபஸ் குடுத்துட்டா, இனிமே நீ மட்டும் என்ன பண்ணப் போற?" என்று சொல்லியிருக்கிறார்கள். "அவ குடுக்க மாட்டா" என்று ஒரே வார்த்தையில் அக்கா கதவடைத்துவிட்டாள். அன்று எங்கள் இருவரிடமும் போன் கிடையாது. ஒருத்தி என்ன செய்வாள் என்று இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

4

மறுநாளே தண்டோரா போட்டார்கள். பூங்கோதை வீட்டோடு யாரும் பேசக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது. வயலில் அறுபது சென்ட் வெங்காயம் பறிப்புக்கு நின்றது. கூலிக்கு ஆள் வரவில்லை. அக்கா, அம்மா, மாமா மூன்று பேரும் பறித்தார்கள். பாதியைப் பறிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மீதி மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது. அந்த நாற்றம் வீடுவரைக்கும் வந்தது.

பிரச்சாரம் என்று ஒன்றும் இல்லை. எங்கள் சின்னம் பூட்டு சாவி, சரோஜாவுக்கு மூக்குக் கண்ணாடி. அக்கா தெருத்தெருவாக ஒரு நிஜப் பூட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாசலில் யாரும் நிற்கவில்லை. சாத்திய கதவுகளைப் பார்த்து, "பூங்கோதை வந்திருக்கேங்க, பூட்டு சாவி, ரோஸ் சீட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ரோஸ் சீட்டு என்பது தலைவர் பதவிக்கு. அன்று ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பள்ளிக்கூடத்தில் ஒரு அறை ஆண்களுக்கு, அடுத்த அறை பெண்களுக்கு. பெண்கள் அறையில் அக்காவின் ஏஜெண்டாக நான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து பெண்கள் வந்தபடி இருந்தார்கள். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள், எங்கள் வயலில் களை எடுத்தவர்கள். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலில் மை வாங்கிக்கொண்டு, நான்கு சீட்டையும் பிடித்தபடி அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், முத்திரை குத்தும் சத்தம் கேட்க, மடித்துக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடியே வெளியேறினார்கள். சாயங்காலத்துக்குள் எனக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று. இந்தப் பெட்டியில் அக்கா, அம்மா, நான் என்று எங்கள் மூன்று ஓட்டுதான் விழும் என்று நினைத்தேன்.

எண்ணிக்கை யூனியன் தலைமையிடத்தில் நடந்தது. முதலில் ஆண்கள் பெட்டி. நிறம் பிரித்து, ரோஸ் சீட்டைத் தனியாக அடுக்கினார்கள். சரோஜாவின் கட்டு உயர்ந்துகொண்டே போனது. அக்காவுக்கு விழுந்தவற்றை ஒரு கையால் பிடித்துவிடலாம். கோவிந்தராசுவின் தம்பி என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். பிறகு பெண்கள் பெட்டியைத் திறந்தார்கள்.

பூட்டு சாவி, பூட்டு சாவி, கண்ணாடி, பூட்டு சாவி. எண்ணுகிற வாத்தியார் ஒருமுறை நிறுத்தி, தான் போட்டிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். பெண்கள் பெட்டியில் அக்கா நாற்பத்தொரு ஓட்டு அதிகம் வாங்கியிருந்தாள்.

இரண்டு பெட்டியையும் கூட்டினால் தோல்விதான். சரோஜா ஜெயித்ததாக மைக்கில் சொன்னார்கள். வெடி போட்டார்கள். ஆனால் மாலை போட்டுக்கொண்ட ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யார் வீட்டில் யார் போட்டது? அதை இனி எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க முடியாது. அத்தனை சீட்டும் ஒரே மாதிரி மடிப்பு, ஒரே முத்திரை.

அந்த வாரம் இரண்டு வீடுகளில் பெண்களுக்கு அடி விழுந்தது. அதையும் நான் மறைக்கப் போவதில்லை. தெருவில் வைத்து, "ஊருக்கு முன்னாடி நான் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன், சாமி குத்தம் ஆயிடும்டி" என்று கத்திய கணவனுக்கு அஞ்சலை என்கிற பெண் சொன்ன பதிலை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"சத்தியம் பண்ணது நீ. நான் சூடத்தத் தொட்டனா? என்னையக் கூப்புட்டியா?"

அவள் யாருக்குப் போட்டாள் என்று அப்போதும் சொல்லவில்லை.

5

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடம் தட்டிப் போனது. ஊரை எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட பெண் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவதாக அரியலூர்ப் பக்கத்திலிருந்து சேகர் வந்தார். தனியாகப் பேசவிட்டபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்தக் கையெழுத்த இப்பவும் போடுவீங்களா?" என்பதுதான். போடுவேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் பூ வைத்தார்கள். இங்கே வந்தபின் அவர் பயந்துபோனது விசாவால். மனிதர் அப்படிப்பட்டவர் அல்ல.

இரண்டாயிரத்து ஒன்றில் அடுத்த தேர்தல். பதவி அப்போதும் பெண்களுக்குத்தான். ஏலத்துக்குக் கூட்டம் போட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினாலும் பெண்கள் பெட்டிக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது? அக்கா நின்றாள், ஜெயித்தாள். ஐந்து வருடத்தில் இரண்டு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. மூன்றாவது தெருவுக்கு வரவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், அதுவும் அவர்கள் உரிமை என்கிறாள்.

அக்கா ஜெயித்த அடுத்த வருடம் சரோஜா எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தார். அவருக்கு நான்தான் தையல் பிரித்தேன். ஐந்து வருடம் தலைவராக இருந்து, கணவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர். அதுவரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நான் பஞ்சை எடுத்துக்கொண்டிருக்கும்போது, கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒங்க அக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல தேவி."

"சரிங்க."

"அன்னிக்கு நான் யாருக்குப் போட்டேன் தெரியுமா?"

நான் கையை நிறுத்தினேன். அவருடைய சின்னமே சீட்டில் இருந்தது. வேறு என்ன கேள்வி?

"நாலு சீட்டு குடுத்தாங்க. மூணுல குத்துனேன். ரோஸ் சீட்ட மட்டும் வெறுமனே மடிச்சுப் போட்டேன். நிக்கிறியான்னு என்னைய ஒருத்தரும் கேக்கல. அதான் நானும் ஒண்ணும் சொல்லல."

எண்ணும்போது செல்லாத ஓட்டு என்று தனியாக ஒதுக்கிய சீட்டுகளை நானும் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் செய்த தவறு என்று அன்று பரிதாபப்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து, செல்லாத ஓட்டு என்று யாராவது ஏளனமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

6

இங்கே வந்த பிறகு, இரண்டு வருடம் முன் விடுமுறையில் ஊருக்குப் போனபோது வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டேன். அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கதான் இங்க இல்லியேம்மா. குடிபெயர்ந்தவங்கன்னு எடுத்துட்டாங்க."

"நான் இந்தியப் பாஸ்போர்ட்தான் சார் வச்சிருக்கேன்."

"பாஸ்போர்ட் இருந்தா போதாதும்மா. இங்க குடியிருக்கணும். சட்டம் அப்படி."

"அப்ப என் ஓட்டு எங்க சார் இருக்கு?"

அவர் யோசித்துவிட்டு, "அது எங்கயும் இல்லம்மா" என்றார்.

எந்த ஊரில் ஒரு சீட்டுக்காக எங்கள் வெங்காயம் அழுகியதோ, அங்கே எனக்கு ஓட்டு இல்லை. நம்மை ஆண்டவர்களின் ஊரிலோ கேட்காமலே கொடுக்கிறார்கள். இதில் பெருமைப்படவும் முடியவில்லை. ஆனால் ஒன்று. கொடுத்ததை நான் சும்மா விடுகிற ஆள் இல்லை.

7

இந்த ஏப்ரலில் எங்கள் முதியோர் இல்லத்துக்குத் தபால் ஓட்டுகள் வந்தன. மே முதல் வியாழக்கிழமை ஒரே நாளில் இரண்டு தேர்தல், ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் நகரசபைக்கும். ஒரு தாளில் பெருக்கல் குறி போட வேண்டும். இன்னொரு தாளில் பிடித்த வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். முதல் விருப்பம் ஜெயிக்காவிட்டால் அந்த ஓட்டு இரண்டாம் விருப்பத்துக்குப் போய்ச் சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளூர்க்காரர்களே குழம்பிக் கிடந்தார்கள்.

என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் மிஸ்டர் ரெய்ட். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. 'ஐ' என்று மட்டும் சொல்வார். இங்கே அதற்கு ஆமாம் என்று அர்த்தம். முதல் வருடம் நான் அதை 'நான்' என்று நினைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் வந்தாள். அவர் பெயருக்கு வந்த உறையை எடுத்துப் பிரித்து, பேனாவை எடுத்தாள்.

"அப்பா யாருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே கட்சிதான். நானே குறித்துவிடுகிறேன்" என்றாள்.

நல்ல மகள்தான். வாராவாரம் தவறாமல் வருகிறவள். ஆனால் எனக்குக் கோயில் வாசலில் தலைக்கட்டுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த ஆண்கள் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு ஓட்டு முழுவதும் என்று சொன்னார்கள் அல்லவா, அதே குரல்.

"அவரைக் கேட்டீர்களா?" என்றேன்.

"அவரால் பேச முடியாது என்று உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் மிஸ்டர் ரெய்டின் முன்னால் குனிந்தேன். "நீங்களே போடுகிறீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஐ" என்றார். பிறகு இன்னும் சத்தமாக "ஐ" என்றார்.

மடியில் ஒரு பலகையை வைத்து, தாளை ஒட்டுப் பட்டையால் ஒட்டி, இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். மகளையும் திரும்பச் சொன்னேன். திரும்பினாள், கோபத்தோடு. பேனா தாளில் உரசுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. முடித்ததும் பலகையைத் தட்டினார். மடித்து உறையில் போட்டது அவர் கைதான். உறையின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன், அவ்வளவே.

செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டார். குடும்ப விஷயத்தில் நான் தலையிட்டதாகப் புகார். "தேவி, நீ எல்லை மீறிவிட்டாய். உன் வேலை மருந்து கொடுப்பது" என்றார். என் வேலை அனுமதி இந்த இல்லத்தின் பெயரில்தான் இருக்கிறது. வேலை போனால் நாட்டை விட்டே போக வேண்டும். சேகரின் முகம் மனதில் வந்துபோனது.

"ஓட்டு குடும்பத்துக்கு வரவில்லை மேடம். உறையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது" என்றேன்.

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு, என்ன நடந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, இதையும் என் கோப்பில் வையுங்கள் என்று கொடுத்தேன். என் ஆங்கிலத்தில் பிழைகள் இருக்கும். இருக்கட்டும். இப்போது இரண்டு தாளும் ஒரே கோப்பில் இருக்கின்றன.

வீட்டில் சொன்னபோது சேகர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் படிவத்துல என் பேரையும் எழுதுனியா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். "அப்ப வியாழக்கிழமை ஷிப்டு மாத்திக்கிறேன்" என்றார்.

8

ஓட்டுச்சாவடி என் மகள் காவ்யா படிக்கிற பள்ளிக்கூடம்தான். அன்று அவளுக்கு விடுமுறை என்பதால் கூட வந்தாள். எட்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். வழியெல்லாம், "இது நம் நாடு இல்லையே, நீ எதற்குப் போடுகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"குப்பை நம்ம வாசல்லதானே அள்ளுறாங்க? பள்ளிக்கூடம் உனக்குத்தானே? அதுக்குத்தான்" என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். இந்தத் தோள் குலுக்கலை எங்கிருந்து கற்றாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடையாள அட்டை கேட்கவில்லை. பெயரும் விலாசமும் சொன்னால் போதும். நான் பழக்கதோஷத்தில் இடது ஆள்காட்டி விரலை நீட்டினேன். மேசையில் இருந்த அம்மாள் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மை" என்றேன். காவ்யா தலையில் அடித்துக்கொண்டாள். இங்கே மை கிடையாது. மறைப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில். பென்சிலால் போடுகிற ஓட்டை யாராவது அழித்துவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகத்தோடு அழுத்திப் போட்டேன். சேகர் பக்கத்து மறைப்பில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மறுநாள் செய்தியில், செல்லாதவை என்று ஏகப்பட்ட சீட்டுகள் ஒதுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். எங்கள் தேநீர் அறையில் ஒருத்தி, "ஒன்று இரண்டு மூன்று போடக்கூடத் தெரியாத முட்டாள்கள்" என்றாள். நான் விடவில்லை. "எங்கள் ஊரில் கைநாட்டு வைக்கிறவர்களே நான்கு நிறத்தில் நான்கு சீட்டு ஒரே நாளில் போடுவார்கள். தாள் குழப்பினால் தாள் அச்சடித்தவரைக் கேள். சும்மா மடித்துப் போட்டவருக்கும் ஒரு காரணம் இருக்கும்" என்றேன். இங்கே இவ்வளவு நீளமாக நான் பேசியதே அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன். போன வருடத் தேர்தலில் பதவி சுழற்சியில் வேறு பிரிவுக்குப் போய்விட்டதால் அவள் இப்போது தலைவர் இல்லை. கிராமசபைக் கூட்டத்தில் புதுத் தலைவரைக் கேள்வி கேட்பதுதான் இப்போதைய வேலை. மிஸ்டர் ரெய்ட் கதையை முழுக்கச் சொன்னேன், எச்சரிக்கைக் கடிதம் உட்பட.

"வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றாள்.

"ஆனா பாத்துக்கலாம்க்கா."

"அந்தப் பெரிய மனுசன் யாருக்குத்தான் போட்டாரு?"

"தெரியாதுக்கா. நான் பாக்கல."

"அந்தப் பொண்ணு?"

"அதுவும் பாக்கல. திரும்பித்தான் நின்னுச்சு."



"அப்ப சரி" என்றாள் அக்கா.